தடுமாறும் கல்லூரி பேஸ்பால் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரைத் தேடுவது எப்படி? ரைஸ் அணியை முன்வைத்து ஒரு பதில்

கேள்வி இதுதான்: ஹூஸ்டனில் உள்ள ரைஸ் பல்கலைக்கழகம் 2003-ல் கல்லூரி பேஸ்பாலில் தேசிய சாம்பியன். அப்படிப்பட்ட அணி சில வருடங்களாக எழுந்திருக்கவே முடியாமல் கிடக்கிறது. பயிற்சியாளரை மாற்றி மாற்றிப் பார்த்தும் சரியாகவில்லை. இப்படித் தடுமாறும் அணிக்கு யாரைக் கொண்டுவர வேண்டும்? அந்தக் கல்லூரியில் ஆடிய பழைய நட்சத்திரத்தையா, வேறொரு இடத்தில் ஜெயித்துக் காட்டியவரையா, பெரிய அணியில் இருக்கும் இளம் துணைப் பயிற்சியாளரையா?

ஆளைத் தேடுவதற்கு முன்னால், நல்ல வீரர்கள் அந்தக் கல்லூரிக்கு ஏன் வருவதில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் என் பதில். அந்தத் தடையை வைத்துக்கொண்டே வீரர்களைக் கூட்டிவரத் தெரிந்தவர் யாரோ, அவர்தான் வேண்டிய ஆள். அவர் நட்சத்திரமா, துணைப் பயிற்சியாளரா என்பதெல்லாம் அப்புறம். ரைஸ் கதையையும் டென்னஸி பல்கலைக்கழகத்தின் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது நன்றாகப் புரியும்.

அதற்கு முன், இந்த ஆட்டத்தைப் பின்தொடராதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. கல்லூரி பேஸ்பாலின் முதல் பிரிவில் ஏறக்குறைய 300 கல்லூரிகள் ஆடுகின்றன. பிப்ரவரி நடுவில் சீசன் தொடங்கும். மே இறுதிக்குள் ஓர் அணி 56 ஆட்டங்கள் வரை ஆடும். பிறகு 64 அணிகள் தேசியப் போட்டிக்குத் தேர்வாகும். 16 ஊர்களில் நான்கு நான்கு அணிகளாக ரீஜினல், அதில் வென்றவர்களுக்கு சூப்பர் ரீஜினல், கடைசியில் எட்டு அணிகள் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரத்துக்குப் போகும். கல்லூரி பேஸ்பாலில் ஒருவரை மெச்ச வேண்டுமென்றால் 'ஒமாஹா போனவர்' என்று சொன்னால் போதும்.

தொழில்முறை அணியில் வீரர்களை வாங்குவதும் விற்பதும் நிர்வாகத்தின் வேலை. கல்லூரியில் அந்த வேலையும் தலைமைப் பயிற்சியாளர் தலையில்தான். பள்ளி மைதானங்களைச் சுற்றி 16, 17 வயதுப் பையன்களைக் கண்டுபிடிக்க வேண்டும், பெற்றோரிடம் பேச வேண்டும், படிப்பு மதிப்பெண் தேறுமா என்று பார்க்க வேண்டும், உதவித்தொகையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். இதற்கெல்லாம் சேர்த்துத்தான் ரெக்ரூட்டிங் என்று பெயர். மைதானத்தில் நின்று சைகை காட்டுவது இந்த வேலையில் சின்னப் பங்கு. தேர்வுக் குழுக்கள் பெரும்பாலும் அந்தச் சின்னப் பங்கைப் பார்த்துத்தான் ஆளை எடுக்கின்றன.

இனி ரைஸ். வெய்ன் கிரஹாமை அவர்கள் வேலைக்கு எடுத்தபோது அவருக்கு ஐம்பத்தைந்து வயது. 1992 சீசன் அவருடைய முதல் சீசன். அதுவரை ரைஸ் ஒருமுறைகூட தேசியப் போட்டிக்குப் போனதில்லை. கிரஹாம் எந்தப் பெரிய பல்கலைக்கழகத்திலும் பயிற்சியாளராக இருந்தவரும் இல்லை. ஹூஸ்டனில் வளர்ந்து, பள்ளி அணிகளுக்குப் பயிற்சி கொடுத்து, பிறகு பக்கத்திலேயே சான் ஜசின்டோ என்ற இரண்டாண்டு ஜூனியர் கல்லூரியில் ஐந்து தேசியப் பட்டங்கள் வென்றவர். பின்னாளில் மேஜர் லீக்கில் (அமெரிக்காவின் உச்சத் தொழில்முறை லீக்) பெயர் வாங்கிய ரோஜர் கிளமென்ஸ், ஆண்டி பெட்டிட் இருவரும் அங்கே அவரிடம் ஆடியவர்கள். அந்த வட்டாரத்தில் எந்தப் பள்ளியில் எந்தப் பையன் வேகமாக எறிகிறான், அவனுடைய பயிற்சியாளர் யார், வீட்டு நிலைமை என்ன என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. ஹூஸ்டன் சுற்றுவட்டாரமோ அமெரிக்காவிலேயே பேஸ்பால் திறமை கொட்டிக்கிடக்கும் இடங்களில் ஒன்று. ரைஸ் கல்லூரி அதன் நடுவில் உட்கார்ந்துகொண்டு அந்தத் திறமையை வெளியூர்க் கல்லூரிகளுக்கு விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. கிரஹாம் அதை நிறுத்தினார்.

1995-ல் முதல் தேசியப் போட்டி. அதிலிருந்து 2017 வரை தொடர்ந்து 23 வருடம், ஒரு வருடம்கூட விடாமல் போனார்கள். ஒமாஹாவுக்கு ஏழு முறை. 2003-ல் இறுதிச் சுற்றில் ஸ்டான்ஃபோர்டை வென்று பட்டம். அந்த அணியின் மூன்று பிட்சர்கள் (பந்து எறிபவர்கள்), ஜெஃப் நீமன், ஃபிலிப் ஹம்பர், வேட் டவுன்சென்ட், அடுத்த வருட டிராஃப்டில், அதாவது மேஜர் லீக் அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், முதல் எட்டு இடங்களுக்குள் போனார்கள். ஒரே கல்லூரியிலிருந்து ஒரே வருடத்தில் மூன்று பேர்! சில ஆயிரம் மாணவர்கள் மட்டுமே படிக்கும் ஒரு தனியார் கல்லூரி இதைச் செய்தது என்பதை நினைக்கும்போது இன்றும் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

2018 சீசனோடு கிரஹாமின் காலம் முடிந்தது. அப்போது அவருக்கு வயது 82. 2024-ல் அவர் காலமானார்.

அவருக்குப் பின் வந்த இரண்டு நியமனங்களைக் கவனியுங்கள். முதலில் மேட் ப்ராகா. டென்னஸி டெக் என்ற சிறிய கல்லூரியில் பல வருடம் தலைமைப் பயிற்சியாளராக இருந்து, 2018-ல் அந்த அணியை சூப்பர் ரீஜினல் வரை கொண்டுபோனவர். அடித்து ஆடும் அணி அது. காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல முடியாத நியமனம். மூன்று சீசன்களில் முடிந்துவிட்டது, அதில் ஒரு சீசன் கோவிடால் பாதியில் நின்றது. அடுத்து 2021-ல் ஹோசே க்ரூஸ் ஜூனியர். ரைஸின் செல்லப்பிள்ளை. 1995 டிராஃப்டில் மூன்றாவதாகத் தேர்வானவர், மேஜர் லீக்கில் நீண்ட காலம் ஆடி, சிறந்த ஃபீல்டிங்குக்கான கோல்டு க்ளவ் விருதும் வாங்கியவர். ஆனால் கல்லூரி அணி எதையும் அதற்கு முன் அவர் நடத்தியதில்லை. வெற்றிகளைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தோல்விகள். 2025 மார்ச்சில், சீசன் தொடங்கி ஒரு மாதத்திலேயே அவரை விலக்கிவிட்டார்கள்.

இருவரையும் நான் குறை சொல்லவில்லை. ஒருவரிடம் வேறோர் இடத்தின் வெற்றியைப் பார்த்தார்கள், இன்னொருவரிடம் வீரராக அவர் சம்பாதித்த பெயரைப் பார்த்தார்கள். ரைஸில் வீரர்களைச் சேர்ப்பதில் என்ன சிக்கல், அதை இவர் எப்படிச் சமாளிப்பார் என்ற கேள்விக்கு இரண்டிலுமே நேரடியான பதில் இல்லை.

அந்தச் சிக்கல் என்ன? பெரும்பகுதி பணம். பேஸ்பாலுக்கு ஓர் அணி கொடுக்கக்கூடிய விளையாட்டு உதவித்தொகை பல வருடங்களாக மொத்தம் 11.7 என்ற அளவில்தான் இருந்தது. அதாவது பன்னிரண்டு பேருக்குக்கூட முழுதாகக் கொடுக்க முடியாத தொகையை 27 பேர் வரை பிரித்துக் கொடுக்க வேண்டும். சராசரியாகப் பார்த்தால் ஒரு பையனுக்குப் பாதிகூட வராது. மீதியைக் குடும்பம் கட்ட வேண்டும். டெக்ஸஸ் மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகங்களில் அந்த மாநிலப் பையனுக்கு மீதிக் கட்டணம் தாங்கக்கூடியதாக இருக்கும். ரைஸ் போன்ற தனியார் கல்லூரியில் அந்த மீதி, பல குடும்பங்களின் வருடச் சம்பளத்தில் பெரிய துண்டு. அதற்கு மேல் படிப்புத் தகுதி. ஜூனியர் கல்லூரியில் நன்றாக ஆடுகிறான் என்பதற்காக யாரையும் அள்ளிக்கொண்டு வந்துவிட முடியாது.

இன்னொன்று, எந்தக் கான்ஃபரன்ஸில், அதாவது தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் எந்தக் கல்லூரிக் கூட்டமைப்பில், ஆடுகிறோம் என்பது. 1996-ல் பழைய சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ் கலைந்தபோது டெக்ஸஸ், டெக்ஸஸ் ஏ அண்ட் எம் போன்றவை பிக் 12-க்குப் போயின. ரைஸ் வெளியே நின்றது. அதற்குப் பிறகும் கிரஹாம் பல வருடம் ஜெயித்தார் என்பது உண்மை. ஆனால் தொலைக்காட்சிப் பணம் பெருகப் பெருக இந்த இடைவெளி அகலமாகிக்கொண்டே போனது. 2023-ல் அதே ஊரில் இருக்கும் ஹூஸ்டன் பல்கலைக்கழகமும் பிக் 12-க்குள் நுழைந்துவிட்டது. ரைஸ் இப்போது அமெரிக்கன் கான்ஃபரன்ஸில் ஆடுகிறது.

இதே நிலைமையில் ரைஸுக்குச் சாதகமான விஷயங்களும் உண்டு. வருமானம் குறைந்த, நடுத்தரக் குடும்பங்களுக்குக் கல்விக் கட்டணத்தை முழுதாகவே விட்டுக்கொடுக்கும் திட்டத்தை ரைஸ் 2018-ல் அறிவித்தது. விளையாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுப்பது. நேர்காணலுக்கு வரும் ஒருவர் இந்தத் திட்டத்தைப் படித்துவிட்டு, எந்த மாதிரிக் குடும்பத்துப் பையனை இதை வைத்து அணுகலாம் என்று சொல்லத் தெரிந்தவராக இருந்தால் காது கொடுத்துக் கேட்க வேண்டும். வாண்டர்பில்டும் தனியார் கல்லூரிதான், படிப்பில் கெடுபிடியான இடம்தான். அங்கும் கல்விக் கடன் வாங்க வைக்காமல் மானியமாகவே கொடுக்கும் திட்டம் இருக்கிறது. பயிற்சியாளர் டிம் கார்பின் அங்கே 2014, 2019 என்று இரண்டு பட்டங்கள் வென்றார்.

இன்னொரு வழியும் உண்டு. ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகளில் பட்டம் முடித்து மேற்படிப்பில் இருப்பவர்களை அங்கே ஆட விடுவதில்லை. காயத்தால் ஒரு வருடம் இழந்த பிட்சர் ஒருவர் பட்டம் வாங்கிய பிறகும் ஆட ஒரு வருடம் மீதி வைத்திருப்பார். அவர் எங்கே போவார்? நல்ல முதுகலைப் படிப்பும் நல்ல மைதானமும் இருக்கும் இடத்துக்கு. ரைஸில் இரண்டும் இருக்கிறது. அந்தப் பட்டியலை வருடாவருடம் ஜனவரியிலேயே கையில் வைத்திருக்கும் பயிற்சியாளர் ரைஸுக்கு வேண்டும்.

இப்போது டென்னஸி. நாட்டிலேயே கடினமான எஸ்இசி கான்ஃபரன்ஸில் ஆடும் பெரிய மாநிலப் பல்கலைக்கழகம். 2005-க்குப் பிறகு பதின்மூன்று வருடம் தேசியப் போட்டிப் பக்கமே போகவில்லை. நடுவில் 2012 சீசன் முதல் 2017 வரை தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் டேவ் செரானோ. யுசி இர்வைன், கால் ஸ்டேட் ஃபுல்லர்ட்டன் என்று கலிஃபோர்னியாவின் இரண்டு அணிகளை ஒமாஹாவுக்குக் கொண்டுபோனவர். பிட்சர்களை வளர்ப்பதில் பேர் வாங்கியவர், டென்னஸியிலேயே முன்பு துணைப் பயிற்சியாளராக இருந்தவரும்கூட. இதைவிடச் சிறந்த பயோடேட்டா எந்தக் குழுவுக்கும் கிடைக்காது. ஆறு சீசன்களில் ஒருமுறைகூட தேசியப் போட்டிக்குப் போக முடியவில்லை.

2017 ஜூனில் அவர்கள் எடுத்தது டோனி விட்டெல்லோவை. வயது 38. தலைமைப் பயிற்சியாளராக ஒரு நாள்கூட இருந்ததில்லை. மிசௌரி, டிசியு (டெக்ஸஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்), ஆர்கன்சா என்று துணைப் பயிற்சியாளராகவே இருந்தவர். ஆனால் ரெக்ரூட்டிங் செய்பவர்களுக்கு நடுவில் அவர் பெயர் எல்லோருக்கும் தெரியும். 2018-ல் 29 வெற்றி, 27 தோல்வி. அடுத்த வருடம் ரீஜினல். 2021-ல் ஒமாஹா. 2022-ல் 57 வெற்றி, வெறும் 9 தோல்வி. 2024-ல் டெக்ஸஸ் ஏ அண்ட் எம்மை வென்று தேசியப் பட்டம். 2025 அக்டோபரில் மேஜர் லீக்கின் சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் அணி அவரை மேலாளராகவே (அங்கே தலைமைப் பயிற்சியாளருக்கு அதுதான் பெயர்) கூட்டிக்கொண்டு போய்விட்டது. தொழில்முறை ஆட்டத்தில் எந்த அனுபவமும் இல்லாமல் கல்லூரியிலிருந்து நேராக மேஜர் லீக் மேலாளரான முதல் ஆள் அவர்.

இதிலிருந்து 'அனுபவசாலியை விட்டுவிட்டு இளம் துணைப் பயிற்சியாளரை எடு' என்று முடிவு கட்டுவது தவறு. விட்டெல்லோ ஆர்கன்சாவில் இருந்தபோது அதே எஸ்இசியின் வீரர்களுக்காகத்தான் போட்டி போட்டுக்கொண்டிருந்தார். டென்னஸிக்கு என்ன மாதிரி உடம்பு, என்ன வேகம் வேண்டும் என்று அவருக்குத் தெரியும். எந்தப் பையன் எந்தக் கல்லூரியோடு பேசிக்கொண்டிருக்கிறான் என்றும் தெரியும். செரானோ ஜெயித்த ஃபுல்லர்ட்டனின் ஆட்டம் வேறு. பந்தைத் தட்டிவிட்டு, ஓடி, ஓர் ஓட்டம் இரண்டு ஓட்டமாகச் சேர்க்கும் மேற்குக் கடற்கரைப் பாணி. எஸ்இசியில் வாரக்கடைசி மூன்று ஆட்டங்களிலும் 95 மைல் வேகத்தில் எறிபவர்கள் வரிசையாக வருவார்கள். முன்பு ஜெயித்த இடமும் இந்த இடமும் ஒரே மாதிரியா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

டென்னஸி நியமனத்தில் பலர் கவனிக்காத இன்னொரு விஷயம் இருக்கிறது. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. விட்டெல்லோ வந்தவுடன் பிட்சிங் பயிற்சியாளராகக் கொண்டுவந்தது ஃபிராங்க் ஆண்டர்சனை. ஓக்லஹோமா ஸ்டேட்டில் ஒன்பது சீசன் தலைமைப் பயிற்சியாளராக இருந்த மூத்தவர். தலைமைப் பொறுப்புக்குப் புதிதான ஒருவர், தன்னைவிட மூத்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். ரெக்ரூட்டிங்குக்கு ஜாஷ் ஈலாண்டர். டிசியுவில் விட்டெல்லோ பயிற்சியாளராக இருந்தபோது அங்கே ஆடியவர். இன்று டென்னஸியின் தலைமைப் பயிற்சியாளர் அவர்தான். ஆக, அந்தக் கல்லூரி எடுத்தது மூன்று பேரை. நேர்காணலில் கட்டாயம் கேட்க வேண்டியது: உங்களோடு யார் வருகிறார்கள்? பிட்சிங்குக்கு யார், ரெக்ரூட்டிங்குக்கு யார்? அவர்களிடம் பேசிவிட்டீர்களா, எவ்வளவு சம்பளம் கேட்கிறார்கள்? 'வேலை உறுதியான பிறகு பார்க்கலாம்' என்ற பதில் வந்தால் நான் அவரை அடுத்த சுற்றுக்குக் கூப்பிட மாட்டேன்.

நேர்காணலைப் பற்றி இன்னும் கொஞ்சம். பெரும்பாலும் ஒரு ஹோட்டல் அறையில், விளையாட்டுத் துறை இயக்குநரும் ஓரிரு அதிகாரிகளும் உட்கார்ந்து, உங்கள் கொள்கை என்ன, கலாச்சாரத்தை எப்படிக் கட்டுவீர்கள் என்று கேட்பார்கள். இந்த வேலைக்கு வருபவர்கள் பேச்சில் கெட்டிக்காரர்கள். பெற்றோரிடம் பேசிப் பேசிப் பழகியவர்கள். ஒரு மணி நேரம் அழகாகப் பேசிவிட்டுப் போவார்கள், ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. அதற்குப் பதில் ஒரு வெள்ளைப் பலகையைக் கொடுத்து, இப்போது அணியில் இருக்கும் வீரர்களை எழுதச் சொல்லுங்கள். எத்தனை பிட்சர்கள், அதில் இடதுகைக்காரர்கள் எத்தனை, அடுத்த வருடம் பட்டம் வாங்கிப் போகிறவர்கள் யார், கேட்சருக்கு அடிபட்டால் அடுத்தவன் யார். தயாராக வந்தவர் பெயர்களோடு எழுதுவார். அப்புறம், 'இவர்களில் யாரை வைத்துக்கொள்வீர்கள், காலியாகும் இடங்களுக்கு ஆளை எங்கே தேடுவீர்கள்?' என்று கேளுங்கள். அங்கிருந்துதான் உண்மையான நேர்காணல் தொடங்கும்.

இந்தக் கணக்கு இப்போது இன்னும் இறுகிவிட்டது. 2025 ஜூலையிலிருந்து புதிய ஏற்பாட்டை ஏற்ற கல்லூரிகளுக்கு 11.7 என்ற வரம்பு போய்விட்டது. விரும்பினால் எல்லோருக்கும் முழு உதவித்தொகை தரலாம், ஆனால் அணியில் 34 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. பணம் இருக்கும் பெரிய கல்லூரி 34 பேருக்கும் கொடுக்கும். பணம் இல்லாத கல்லூரி பழைய மாதிரியே பிரித்துக் கொடுக்கும். வீரர்கள் கல்லூரி மாறும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலும் வந்துவிட்டது. ஒரு பையனை மூன்று வருடம் செதுக்கி நல்ல பிட்சராக்கினால், நான்காவது வருடம் பெரிய கல்லூரி கூப்பிட்டுக்கொள்ளும். ஆகவே வருகிறவரிடம், 'உங்கள் பழைய அணியிலிருந்து கடந்த வருடங்களில் யார் யார் விட்டுப் போனார்கள், ஏன்?' என்று கேட்க வேண்டும். போன வீரர்களிடமே தொலைபேசியில் பேச வேண்டும். அவர் கொடுக்கும் பரிந்துரைப் பட்டியலில் இல்லாதவர்களிடம் பேசுவதுதான் இதில் பயன் தரும்.

பெட்டிச் செய்தி மாதிரி ஒரு சின்ன வேலையும் சொல்கிறேன், யாரும் வீட்டிலிருந்தே செய்யலாம். அவர் நடத்திய அணியின் பழைய ஸ்கோர் விவரங்களை எடுத்து, பிட்சர்களை எப்படிப் பயன்படுத்தினார் என்று பாருங்கள். வெள்ளிக்கிழமை நூறு பந்து எறிந்தவனை ஞாயிற்றுக்கிழமை மறுபடி இறக்கினாரா? முன்னணியில் இருக்கும் ஆட்டத்திலும் அதே இரண்டு பேரை வைத்தே முடித்தாரா? கிரிக்கெட்டில் ஒரு வேகப்பந்து வீச்சாளர் பத்து ஓவர் போட்டுவிட்டு மறுநாளும் வருவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது பெரிதாகத் தெரியாது. பேஸ்பாலில் தொடக்க பிட்சர் ஒருமுறை எறிந்தால் கல்லூரி அளவில் அடுத்த வாரம்தான் மறுபடி வருவார். முழங்கைத் தசைநார் அறுந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டால் ஒரு வருடத்துக்கு மேல் போய்விடும். பையனின் எதிர்காலமே அந்தக் கையில்தான் இருக்கிறது. பெற்றோர்கள் இதைப் பற்றி ஒருவருக்கொருவர் பேசிக்கொள்கிறார்கள். கையைக் கெடுப்பவர் என்ற பெயர் ஒருமுறை பரவினால் நல்ல பிட்சர் வீட்டுக் கதவு அவருக்குத் திறக்காது.

டிராஃப்டும் இதோடு சேர்ந்தது. கல்லூரிக்கு வருவதாகக் கையெழுத்திட்ட பள்ளி மாணவனை ஜூலையில் மேஜர் லீக் அணி ஒன்று தேர்ந்தெடுத்தால், அவன் பணத்தை வாங்கிக்கொண்டு நேராகத் தொழில்முறைக்குப் போகலாம். கல்லூரிக்கு வந்துவிட்டால் பொதுவாக மூன்று வருடம் கழித்தோ 21 வயதிலோதான் மறுபடி தேர்வாக முடியும். எவ்வளவு பணம் கொடுத்தால் இந்தப் பையன் போய்விடுவான், எவ்வளவு குறைந்தால் கல்லூரிக்கு வருவான் என்று அந்தக் குடும்பத்தின் மனதிலிருக்கும் எண்ணைப் பயிற்சியாளர் தெரிந்துவைத்திருக்க வேண்டும். போகப்போகிற நான்கு பேரை நம்பி இடம் ஒதுக்கிவிட்டு ஆகஸ்டில் வெறுங்கையோடு நின்ற அணிகள் உண்டு. ரைஸ் இதில் ஒரு நல்ல வாதத்தை வைக்கலாம். அந்தப் பட்டத்தின் மதிப்பு பெற்றோருக்குத் தெரியும். அதைச் சொல்லிப் புரியவைக்கும் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

பழைய மாணவர்களும் நன்கொடையாளர்களும் இந்தத் தேடலில் நிறையத் தலையிடுவார்கள். தங்களோடு ஆடிய நண்பர் திரும்பி வர வேண்டும் என்று ஆசைப்படுவது இயல்பு. அவர்களுடைய பணத்தில்தான் உட்புறப் பயிற்சிக் கூடம் கட்டப்படுகிறது என்பதால் ஒதுக்கவும் முடியாது. நான் சொல்வது, ஆளைத் தேர்ந்தெடுக்கும் முன்பே அவர்களைக் கூப்பிட்டுப் பேசி, வரப்போகிறவருக்கு வருடம் எவ்வளவு கொடுப்பீர்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தொகை தெரியாமல் நல்ல பயிற்சியாளர் யாரும் வரமாட்டார். இப்போதைய வீரர்களின் கருத்தையும் கேட்கலாம், ஆனால் அதை வைத்தே முடிவெடுக்கக் கூடாது. 2024-ல் டெக்ஸஸ் ஏ அண்ட் எம் அணியின் பயிற்சியாளர் இறுதி ஆட்டம் முடிந்த மறுநாளே டெக்ஸஸ் பல்கலைக்கழகத்துக்கு மாறியபோது, வீரர்கள் விரும்பிய துணைப் பயிற்சியாளரையே தலைமைக்குக் கொண்டுவந்தார்கள். நட்சத்திரங்கள் தங்கினார்கள். அடுத்த சீசன் தொடங்கும்போது நாட்டிலேயே முதலிடம் கணித்தார்கள். அந்த அணி தேசியப் போட்டிக்கே தேர்வாகவில்லை.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மே இறுதியில் சீசன் முடிந்ததும் போர்ட்டல் சந்தை சூடுபிடிக்கும். பயிற்சியாளர் இல்லாமல் மூன்று வாரம் இழுத்தடித்தால் அணியில் பாதி கரைந்துவிடும். முடிவு தெரிந்துவிட்ட பிறகும் சீசன் முடியட்டும் என்று காத்திருப்பது மரியாதையாகத் தோன்றலாம், ஆனால் அதற்கு விலை உண்டு. மிசிசிப்பி ஸ்டேட் 2025-ல், நான்கு வருடம் முன்பு தங்களுக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்தவரையே ஏப்ரலில் விலக்கிவிட்டு, சீசன் முடிந்ததும் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் பிரையன் ஓகானரைக் கொண்டுவந்தது. ரைஸ் அதைவிட முன்னதாக மார்ச்சிலேயே நடவடிக்கை எடுத்து, அப்போது வேலையில் இல்லாமல் இருந்த டேவிட் பியர்ஸை உடனே உட்காரவைத்தது.

பியர்ஸ் நியமனம் எனக்குப் பிடித்திருக்கிறது. ரைஸில் கிரஹாமிடம் ஒன்பது வருடம் துணையாக இருந்தவர். அங்கே எந்தப் பையனைச் சேர்க்க முடியும், யாரைச் சேர்க்கவே முடியாது என்று பார்த்தவர். பிறகு சாம் ஹூஸ்டன் ஸ்டேட்டில் மூன்று சீசனும், டுலேனில் இரண்டு சீசனும் அணிகளைத் தேசியப் போட்டிக்குக் கொண்டுபோனார். டுலேனும் படிப்புக்குப் பெயர்போன தனியார் கல்லூரி, ஆடுவதும் ரைஸ் இருக்கும் அதே அமெரிக்கன் கான்ஃபரன்ஸ். டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது மூன்று முறை ஒமாஹா. பலரும் டெக்ஸஸ் பெயரைப் பார்த்து மகிழ்கிறார்கள். நான் டுலேனைப் பார்க்கிறேன். ரைஸுக்கு மிக நெருக்கமான நிலைமையில் அவர் ஏற்கெனவே வேலை செய்து காட்டியது அங்கேதான். அறுபதைத் தாண்டியவர் என்பதால், அவருக்குக் கீழே ரெக்ரூட்டிங் செய்யும் இளைஞர்கள் யார் என்பதில்தான் என் கண் இருக்கும்.

கடைசியாக, எவ்வளவு காலம் பொறுப்பது? வேக் ஃபாரஸ்ட் கல்லூரியில் டாம் வால்டர் 2010 சீசனில் பொறுப்பேற்றார். 2011-ல் சிறுநீரகம் செயலிழந்த தன் முதலாண்டு வீரர் ஒருவருக்குத் தன் சிறுநீரகத்தையே கொடுத்தவர் அவர். ஆனாலும் முதல் ஆறு சீசன்களில் தேசியப் போட்டி கிட்டவில்லை. கல்லூரி பொறுத்தது. 2016-ல் தேர்வானார்கள், 2017-ல் சூப்பர் ரீஜினல், 2023-ல் நாட்டின் முதல்நிலை அணியாக ஒமாஹா. கென்டக்கியில் நிக் மிஞ்சியோன் 2017-ல் முதல் வருடமே சூப்பர் ரீஜினல் போய், பிறகு ஐந்து வருடம் தேசியப் போட்டிக்கே போகவில்லை. வெளியேற்றச் சொல்லிக் கூச்சல் இருந்தும் விடவில்லை. 2024-ல் கென்டக்கி தன் வரலாற்றிலேயே முதல்முறையாக ஒமாஹா போனது.

பொறுமை எல்லா இடத்திலும் இப்படிப் பலன் தரும் என்று சொல்ல முடியாது. மூன்றாம் வருடம் வெற்றி தோல்விக் கணக்கைப் பார்க்கும் முன் நான் மூன்று விஷயங்களைப் பார்ப்பேன். அவர் சேர்த்த முதல் தொகுதி பையன்கள் இன்னும் அணியில் இருக்கிறார்களா? ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் எறியும் மூன்றாவது பிட்சர் முன்பைவிடத் தரமானவரா? ரைஸ் என்றால், மைதானத்திலிருந்து ஒரு மணி நேரத் தூரத்துக்குள் இருக்கும் பள்ளிகளின் சிறந்த ஐந்து பிட்சர்களில் ஒருவனாவது வந்தானா? மூன்றுக்கும் ஆம் என்றால், 25 ஆட்டம் ஜெயித்த அணியாக இருந்தாலும் ஒப்பந்தத்தை நீட்டிக்கலாம். மூன்றுக்கும் இல்லை என்றால், அந்த வருடம் அதிர்ஷ்டத்தில் 35 ஜெயித்திருந்தாலும் அடுத்த ஆளைப் பற்றி யோசிக்கத் தொடங்க வேண்டியதுதான்.